ஊரை விட்டு ஊர் போவது ஏன்? குமுளி எல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமுளி செக்போஸ்ட்டில் இருந்து கேரளா பக்கம் ஐந்து நிமிட நடையில் என் கடை. விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, ஜெராக்ஸ், ஆன்லைன் பதிவு. 19 வருடமாக இதே வேலை. சாதிச் சான்றிதழுக்கு வருகிறவர், பென்ஷனுக்கு வருகிறவர், பள்ளிக்கூட புராஜெக்ட்டுக்கு வருகிற பிள்ளைகள் என்று யார் வந்தாலும் பேச்சு கடைசியில் “நாம எப்படி இங்க வந்தோம்” என்பதில் போய் நிற்கும். ஒரே சந்தேகத்துக்குத் திரும்பத் திரும்ப வாயால் பதில் சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே வைத்திருக்கிறேன்.

அக்கா, இடப்பெயர்வுன்னா என்ன? தினமும் ஜீப்புல மலையேறி வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் திரும்புறவங்களும் அதுல சேருவாங்களா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரண்டு விஷயத்தைக் கேட்கும்: எங்கே பிறந்தீர்கள், இதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள். இரண்டில் ஒன்று இப்போதைய ஊராக இல்லாவிட்டால் நீங்கள் இடம்பெயர்ந்தவர். 2011 கணக்கெடுப்பில் இப்படி நாடு முழுக்கச் சுமார் 45 கோடிப் பேர் வந்தார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல். பக்கத்து ஊரில் வாக்கப்பட்ட பெண்ணும் இந்தக் கணக்கில் உண்டு, அஸ்ஸாமில் இருந்து நான்கு நாள் ரயிலேறி வந்த பையனும் உண்டு.

தினமும் போய்வருகிறவர்கள் இதில் வரமாட்டார்கள். ஏலக்காய் எடுப்புக்கு மட்டும் வந்து இரண்டு மாதம் தோட்டத்தில் தங்கிவிட்டுப் போகிறவர்களும் பெரும்பாலும் விட்டுப்போவார்கள். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. விடிகிற நேரத்தில் கம்பம்மெட்டு ரோட்டில் நின்று பாருங்கள். தலையில் துண்டு கட்டி, தூக்குவாளியை மடியில் வைத்து, மழைக்குக் கொங்காணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்காராத குறையாகப் பெண்கள் ஜீப்பில் ஏறுவார்கள். ராத்திரி தூங்குவது ஒரு மாநிலம், பகலெல்லாம் வேலை இன்னொரு மாநிலம். 2020 மார்ச்சில் எல்லையை அடைத்தபோது கம்பத்தில் இருந்து எத்தனையோ பேர் போன் போட்டார்கள். பாஸ் விண்ணப்பத்தில் பயணக் காரணம் கேட்கும் இடத்தில் மருத்துவம், மரணம், திருமணம் என்று இருந்தது. ‘தினக்கூலி’ என்பதற்கு அங்கே இடமில்லை.

வறுமைதானே காரணம்? பசி இல்லன்னா யாரு ஊரை விட்டுப் போவா?

பாதி உண்மை. பசி ஆளைத் தள்ளும். ஆனால் தள்ளுவதால் மட்டும் ஒருவர் போய்ச் சேர மாட்டார். வண்டிக்கூலி வேண்டும், போன இடத்தில் முதல் வாரம் சாப்பிட ஏதாவது வேண்டும், அங்கே வேலை இருக்கிறது என்கிற சேதி வந்து சேர வேண்டும். கையில் ஒன்றுமே இல்லாதவர்கள்தான் பல நேரம் நகர முடியாமல் ஊரிலேயே கிடந்து போகிறார்கள். எவரெட் லீ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1966-ல் இதைத்தான் நான்காகப் பிரித்தார்: இருக்கும் ஊரின் நிலை, போகும் ஊரின் நிலை, நடுவில் உள்ள தடைகள், அந்த ஆளின் சொந்தச் சூழ்நிலை. புராஜெக்ட் எழுதும் பிள்ளைகள் முதல் இரண்டை மட்டும் எழுதிவிட்டு வருகிறார்கள். மூன்றாவதையும் நான்காவதையும் உங்கள் வீட்டிலேயே கேட்டு எழுதுங்கள்.

நம் மலையையே பாருங்கள். 1876-ல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் உலுக்கியது. நடுவில், 1877-ல், பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடம் இருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் மூணாறைச் சுற்றிய கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். 1880-ல் பார்வதி எஸ்டேட்டில் ஏ. எச். ஷார்ப் முதல் தேயிலையை நட்டார். கீழே பட்டினி, மேலே ஆள் தேவை. இரண்டையும் சேர்த்து வைத்த ஆள் கங்காணி. அவர் ஊருக்குள் வந்து முன்பணம் கொடுத்தார். கையில் காசில்லாதவனும் மலையேற முடிந்தது அந்த முன்பணத்தால்தான், பல வருடம் இறங்க முடியாமல் போனதும் அதே முன்பணத்தால்தான். அதனால் எந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாலும் “என்ன கஷ்டம்” என்பதோடு நிறுத்தாமல், “யார் கூப்பிட்டது” என்றும் கேட்கச் சொல்வேன்.

எங்க தாத்தா எந்த ஊர்ல இருந்து மூணாறு வந்தார்னே வீட்டுல யாருக்கும் தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஊர்ப் பெயரை நேராகக் கேட்டால் பெரியவர்கள் “அந்தப் பக்கம், திருநவேலி” என்று முடித்துவிடுவார்கள். வேறு மாதிரி கேளுங்கள். முதல் மொட்டை எந்தக் கோயிலில் எடுத்தார்கள்? குலசாமி எங்கே இருக்கிறது? கெடா வெட்டுக்கு எந்த பஸ்ஸில் போய் எங்கே இறங்குவார்கள்? மலைக்கு வந்து நூறு வருடம் ஆன குடும்பங்கள்கூட குலசாமியை மாற்றிக்கொள்ளவில்லை. கயத்தாறு, சங்கரன்கோவில், கோவில்பட்டி என்று வழி அங்கேதான் திறக்கும். அடுத்து, எந்தக் கங்காணி ஆள் என்று கேளுங்கள். ஒரு கங்காணியின் கீழ் வந்தவர்கள் பெரும்பாலும் ஓரிரு ஊர்க்காரர்களாக இருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் உங்கள் வீட்டுக்கும் தெரிந்த மாதிரி.

வந்த வழியையும் கேட்டு வையுங்கள். போடியில் இருந்து கொட்டகுடி, அங்கிருந்து செங்குத்தாக டாப் ஸ்டேஷன், பிறகு குண்டளை, மூணாறு. தேயிலைப் பெட்டி ரோப்வேயில் கீழே இறங்கியது, ஆட்கள் காலால் ஏறினார்கள். மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஓடிய சின்ன ரயில் 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. மலையாளிகள் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்பது அதைத்தான், கொல்லம் ஆண்டு 1099. உங்கள் வீட்டில் யாராவது அந்த ரயிலைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தால், 1924-க்கு முன்பே வந்துவிட்டார்கள் என்று பிடித்துக்கொள்ளலாம்.

என் ஆச்சி சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டில் இருந்து வந்தவள். ஒரு பித்தளைச் செம்பில் கம்பு விதையை நிரப்பி, வாயைத் துணியால் கட்டி எடுத்து வந்தாளாம். குளிரிலும் தூவானத்திலும் கம்பு விளையாது என்று கூட்டி வந்தவர் சொல்லவில்லை. அந்தச் செம்பு இப்போது என்னிடம் இருக்கிறது. அவள் என்ன நினைத்துக்கொண்டு மலையேறினாள் என்பதை எந்த ஆவணத்தையும் விட அது எனக்கு நன்றாகச் சொல்கிறது: ஒரு வெள்ளாமை காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

தெரிஞ்சவங்க இருக்குற இடத்துக்குத்தான் போவாங்களா?

பெரும்பாலும். முதலில் போகிறவருக்குத்தான் கஷ்டம் முழுக்க. அவர் தங்கிய அறையில் தம்பி தங்குவான், தம்பி சேர்ந்த தோட்டத்தில் மச்சான் சேருவான். சூப்பர்வைசரிடம் சொல்லி வைப்பது, முதல் மாதச் சோறு, காய்ச்சலுக்குக் கஷாயம் எல்லாம் சொந்தபந்தத்தின் வழியாகவே நடக்கும். அதனால்தான் அடுத்தடுத்த இரண்டு கிராமங்களில் ஒன்று திருப்பூருக்கும் ஒன்று பீர்மேட்டுக்கும் போகும். இரண்டுக்கும் பஞ்சம் ஒன்றுதான், முதலில் போன ஆள் வேறு.

இந்தச் சங்கிலிக்கு இன்னொரு முகமும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள், அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகள், புதைந்தன. 70 பேர் போனார்கள். அவர்களில் பலர் கயத்தாறு பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட, ஒருவருக்கொருவர் சொந்தமான தமிழ்த் தொழிலாளர்கள். உறவு உறவைக் கூப்பிட்டு ஒரே வரிசையில் குடி வைத்திருந்ததால், ஒரே ராத்திரியில் முழுக் குடும்பங்கள் இல்லாமல் போயின. துக்கம் கேட்க வேண்டியவர்களே துக்க வீடாக இருந்தார்கள். அதற்குப் பிறகு இந்தக் கேள்விக்கு என்னால் லேசாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

பொம்பளைங்க கல்யாணம் ஆகிப் போறது எல்லாம் ஒரு இடப்பெயர்வா?

ஆமாம், எண்ணிக்கையில் அதுதான் பெரியது. இந்தியாவில் பெண்கள் ஊர் மாறுவதற்குச் சொல்லும் முதல் காரணம் திருமணம். இடப்பெயர்வை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவரான ராவன்ஸ்டைன் 1885-ல் இங்கிலாந்துக் கணக்கை வைத்து எழுதியபோதே கவனித்தார்: பெரும்பாலானவர்கள் கொஞ்ச தூரமே போகிறார்கள், அந்தக் கொஞ்ச தூரப் பயணத்தில் பெண்களே அதிகம்.

ஆனால் கல்யாணம் என்று எழுதிவிட்டால் வேலை மறைந்து போகிறது. கம்பத்தில் இருந்து எஸ்டேட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் மூன்றாம் மாதம் கொழுந்துக் கூடையோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பாள். மக்கள்தொகைக் கணக்கில் அவள் மருமகள், எஸ்டேட்டின் வருகைப் பதிவேடான செக்ரோலில் அவள் தொழிலாளி. 2015 செப்டம்பரில் போனஸ் குறைந்தபோது மூணாறு ரோட்டில் உட்கார்ந்து மறித்தவர்கள் இந்தப் பெண்கள்தான். சங்கத் தலைவர்களைக் கிட்டே வராதீர்கள் என்று சொல்லிவிட்டு, பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் வைத்துக்கொண்டு, போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் வாங்கிவிட்டுத்தான் எழுந்தார்கள். கல்யாணத்துக்காக வந்தவர்கள் என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டால் இது எதுவும் தெரியாது.

நாங்க எங்கயும் நகரவே இல்ல. எல்லைதானே நகர்ந்துச்சு?

சில குடும்பங்களுக்கு இது நூற்றுக்கு நூறு சரி. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது திருவிதாங்கூரில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு முழுதும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தமிழர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவிலேயே நின்றன. தோட்டத் தொழிலாளர்கள் நிலையாகக் குடியிருப்பவர்கள் அல்ல, வந்துபோகிறவர்கள் என்ற வாதமும் அப்போது சேர்ந்துகொண்டது. இரண்டு தலைமுறையாக லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களை அப்படிச் சொன்னது நியாயமில்லை என்பது என் எண்ணம். ஆந்திரா பக்கமும் இதே கதை உண்டு: திருத்தணி 1960-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, சித்தூர் ஆந்திராவிலேயே இருந்துவிட்டது. படுத்த பாயில் படுத்தபடியே மாநிலம் மாறியவர்களை முதல் பதிலில் சொன்ன கணக்கெடுப்பு இடம்பெயர்ந்தவர்களாக எண்ணாது. அவர்கள் பட்ட பாடு மட்டும் அதேதான்: புது ஆபீஸ் மொழி, புது பாடப்புத்தகம், புது தாலுகா.

இங்க யாரு முதல்ல வந்தது? நாமளா, மலையாளிகளா? யாரு வந்தேறி?

ஏதாவது வாய்த்தகராறு நடந்த மறுநாள் இந்தக் கேள்வி வரும். முல்லைப்பெரியாறு செய்தியில் அடிபட்டால் நிச்சயம் வரும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நம் இருவருக்கும் முன்னால் மன்னான், பளியர், ஊராளி, முதுவர் என்ற மலைப் பழங்குடிகள் இருந்தார்கள். முதுவர்களைக் கேட்டால், மதுரையில் இருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து வந்தோம் என்பார்கள். மறையூர், காந்தளூர் உள்ளிட்ட அஞ்சுநாட்டுக்காரர்களும் மதுரைச் சீமையில் சண்டைக்கு அஞ்சி மலையேறிய கதையைத்தான் சொல்கிறார்கள். பூஞ்சாறு அரச குடும்பம் தன்னைப் பாண்டியர் வழி என்கிறது. ஆக, பழைய குடிகளின் வாய்க்கதையிலேயே ஒரு வருகை இருக்கிறது.

பிறகு, மேலே சொன்ன மாதிரி, தேயிலைக்குத் தமிழர்கள். 1940-களில் போர்க்காலத்து அரிசிப் பஞ்சத்தில், காட்டைத் திருத்திப் பயிர் செய்யலாம் என்று திருவிதாங்கூர் அரசே இடம் கொடுத்தது. பாலா, சங்கனாச்சேரிப் பக்கம் இருந்து மலையாளி விவசாயிகள் கப்பைக் (மரவள்ளி) கம்போடு ஏறினார்கள். 1950-களில் முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு காலனி போட்டுக் குடியமர்த்தியது. நெடுங்கண்டம் பக்கத்தில் பட்டம் காலனி என்ற பெயர் இன்னும் இருக்கிறது. கொடுத்த கையே எடுக்கவும் செய்தது. இடுக்கி அணைக்காக 1961-ல் அய்யப்பன்கோயிலில் இருந்து குடும்பம் குடும்பமாக வெளியேற்றி, கொட்டும் மழையில் இந்தக் குமுளிக்குப் பக்கத்தில் அமராவதியில் கொண்டுவந்து விட்டார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் வந்து உண்ணாவிரதம் இருந்தது அவர்களுக்காக. அந்த மழையில் நனைந்த குடும்பத்துப் பேரன் ஒருவர் என் கடைக்கு வருவார், சேச்சி என்று கூப்பிடுவார். வந்தேறி என்ற சொல்லை அவரிடம் நானும், தமிழரை இளக்காரமாகச் சொல்லும் பாண்டி என்ற சொல்லை என்னிடம் அவரும் சொன்னதில்லை. சொல்லவும் கூடாது.

கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப்பசேல்னு இருக்கே. அங்கிருந்து எதுக்கு மலைக்கு வேலைக்கு வரணும்?

1895-ல் பெரியாறு அணை கட்டி மலையைக் குடைந்து தண்ணீர் திருப்பியதால் வந்த பச்சை அது. தண்ணீர் வந்ததும் அந்தப் பள்ளத்தாக்கை நோக்கியும் மக்கள் வந்தார்கள். ஆனால் வயல் பச்சையாக இருப்பது வேறு, வயல் நம்முடையதாக இருப்பது வேறு. நிலமில்லாதவருக்கு நடவும் அறுப்பும் வருடத்தில் சில வாரம்தான். மலையில் ஏலக்காய் எடுப்பு ஆடி ஆவணியில் தொடங்கித் தை வரை சுற்றுச் சுற்றாக ஓடும். கேரளாவில் கூலியும் கூட. மெட்டு ஏறினால் ஒரு மணி நேரம். ராவன்ஸ்டைன் சொன்ன கொஞ்ச தூரம் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கேரளாவுல கூலி அதிகம்னா, அவங்க ஏன் கல்ஃபுக்குப் போறாங்க?

கூலியை யாரும் பக்கத்து ஊரோடு மட்டும் ஒப்பிடுவதில்லை, படித்த படிப்போடும் ஒப்பிடுவார்கள். 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடாவில் வேலை குவிந்தது, மலையாளிகள் போனார்கள். அந்தக் காசில் இங்கே வீடு கட்ட ஆள் தேவைப்பட்டது, தமிழர்கள் வந்தார்கள். தமிழ்நாட்டிலேயே திருப்பூர், கோவை என்று வேலை பெருகி, நம் பிள்ளைகளும் படித்ததும் இந்த வரத்து குறைந்தது. அந்த இடத்துக்கு வங்காளம், அஸ்ஸாம், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் வந்தார்கள். 2013-ல் குலாத்தி நிதி வரி ஆய்வு நிறுவனம் கேரளாவில் இவர்கள் சுமார் 25 லட்சம் என்று மதிப்பிட்டது. இன்று மூணாறு லயங்களிலும் ஜார்க்கண்ட் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைப் படிவம் எழுதும்போது எங்கள் ஆச்சி நினைப்புதான் வரும்.

இலங்கையில இருந்து வந்தவங்க கேரளாவுல எப்படி?

1964-ல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாட்டில் நீலகிரித் தேயிலைத் தோட்டம் போட்ட மாதிரி, கேரளாவில் புனலூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டமும் கவி என்ற மலையூரில் ஏலத்தோட்டமும் வந்தன. நம்மூர்ப் பஞ்சத்தில் கண்டிக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இவர்கள் விஷயத்தில் “யார் கூப்பிட்டது” என்ற கேள்விக்கே இடமில்லை. இரண்டு அரசாங்கம் உட்கார்ந்து தலையை எண்ணிப் பிரித்தது.

மூணு தலைமுறையா இங்க இருக்கோம். எஸ்.சி. சான்றிதழ் கேட்டா ஏன் 1950 கணக்கு கேக்குறாங்க?

பட்டியல் சாதி என்பது மாநிலவாரியாக அறிவிக்கப்படுவது. அதற்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ல் வந்தது. அந்த நாளில் உங்கள் குடும்பம் இந்த மண்ணில் குடியிருந்ததா என்று பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த குடும்பம் என்றால், சாதி இரண்டு பட்டியலிலும் இருந்தாலும், பூர்வீக மாநிலத்துச் சலுகைதான், கேரளாவின் மாநில இடஒதுக்கீடு கிடைக்காது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய தேவிகுளம் தொகுதி எம்.எல்.ஏ.வின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் ரத்து செய்ததும், உச்ச நீதிமன்றம் 2025-ல் அந்தத் தீர்ப்பை மாற்றியதும் இந்தச் சிக்கலை ஒட்டித்தான்.

செய்ய வேண்டியது: தாத்தா பாட்டியின் எஸ்டேட் சர்வீஸ் பதிவு, பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டு நகல், பிறப்பு இறப்புப் பதிவு என்று 1950-க்கு முந்திய தாள் ஒன்றாவது தேடுங்கள். மூன்றாம் பதிலில் சொன்ன கங்காணி பெயரும் ரயில் நினைவும் சான்று ஆகாது, ஆனால் எந்த எஸ்டேட்டில் எந்த வருடத்துப் பதிவேட்டைத் தேட வேண்டும் என்று காட்டும். தேதி தெரியாமல் அலைவதுதான் பாதிப் பேர் தோற்றுப்போகக் காரணம்.

ரெண்டு பக்கமும் ஓட்டும் ரேஷன் கார்டும் வெச்சுக்கலாமா?

கூடாது. ஓட்டு ஒரே இடத்தில்தான், இரண்டில் பதிவது சட்டப்படி குற்றம். ரேஷனுக்கு இரண்டு கார்டு தேவையும் இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தமிழ்நாட்டு அட்டை என்றால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் கைரேகை வைத்து இங்கேயே அரிசி வாங்கலாம்.

ரிட்டயர்டு ஆனா லயத்தைக் காலி பண்ணச் சொல்றாங்க. இப்ப ஊருக்குப் போனா அது திரும்பிப் போறதா, புதுசாப் போறதா?

போக்கு இருக்கும் இடத்தில் எதிர்ப்போக்கும் இருக்கும் என்று ராவன்ஸ்டைன் எழுதினார். புத்தகத்தில் இதற்குப் பெயர் திரும்பும் இடப்பெயர்வு. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்கு இருந்தால் வீடு அவர் பெயரில் நீளும். படித்த பிள்ளையைச் சில வீடுகளில் மறுபடி மலையில் வைத்திருப்பது இந்தக் கூரைக்காகத்தான்.

போன கார்த்திகையில் பென்ஷன் படிவம் எழுத ஒரு பெரியவர் வந்தார். 38 வருடம் ஃபேக்டரி வேலை. தற்போதைய முகவரிக்கு டிவிஷன், லயம், வீட்டு எண் கடகடவென்று சொன்னார். நிரந்தர முகவரி என்று நான் படித்ததும் பேச்சு நின்றது. “ஊர்ல ஒரு மண்சுவர் இருந்துச்சு தாயி, அதுவும் விழுந்துருச்சு. நான் அங்க ஒரு ராத்திரி கூடத் தூங்குனது இல்ல” என்றார். கம்பத்தில் இருக்கும் மகள் வீட்டு முகவரியை எழுதினோம், தபால் அங்கேதான் போய்ச் சேரும் என்பதால். உங்களுக்கும் இதையே சொல்கிறேன்: அந்தக் கட்டத்தில் பூர்வீகத்தை எழுதாதீர்கள். மணியார்டர் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் இருக்கும் வீட்டை எழுதுங்கள்.